சி10 பிக்கப்புக்குக் கண்ணாடி பீடிங்: தேடுவது முதல் மாட்டுவது வரை

1967 முதல் 1972 வரை வந்த ஷெவ்ரோலே சி10 பிக்கப்பை வாங்கிய கையோடு பலரும் ஆர்டர் போடுவது முன் கண்ணாடியைச் சுற்றி ஓடும் அந்த வெள்ளிப் பட்டையை, அதாவது பீடிங்கைத்தான். பெட்டி வந்து, பிரித்து, வண்டியில் வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியும்: வண்டியில் இருக்கிற ரப்பரில் அதைச் செருக இடமே இல்லை.

இந்த வண்டியில் பீடிங் தனியாக நிற்கிற சாமான் இல்லை. இன்றைய கார்களில் முன் கண்ணாடியை யூரித்தேன் பசை போட்டு உடலோடு ஒட்டிவிடுகிறார்கள். சி10 அப்படியல்ல. கண்ணாடியைச் சுற்றித் தடித்த ரப்பர் ஒன்று ஓடுகிறது. அதில் இரண்டு காடிகள், அதாவது நீளப் பள்ளங்கள், உண்டு. ஒன்றில் கண்ணாடியின் விளிம்பு உட்கார்கிறது, மற்றது கேபினின் தகர விளிம்பைக் கவ்வுகிறது. விலை கூடிய மாடல்களுக்கு வந்த ரப்பரில் மட்டும் வெளிமுகத்தில் இன்னொரு காடி இருக்கும். பீடிங் பிடித்து நிற்பது அதில்தான். தகரத்தில் திருகோ கிளிப்போ கிடையாது. அதனால் முதலில் ரப்பரை முடிவு செய்யுங்கள், அப்புறம் பீடிங்கைத் தேடுங்கள்.

உங்கள் வண்டிக்கு எது

எல்லா சி10-க்கும் கம்பெனியிலிருந்தே பளபளப்பு வரவில்லை. அடிமட்ட மாடலில் வெறும் கறுப்பு ரப்பர்தான். 1967-ல் மேல்தட்டு மாடலாக வந்த கஸ்டம் ஸ்போர்ட் ட்ரக்கில் கண்ணாடிகளைச் சுற்றி பளிச்சென்ற சட்டம் இருந்தது. 1971-ல் ஷெயென் என்ற பெயர் அந்த வரிசையின் உச்சிக்கு வந்தது.

உங்கள் வண்டி எந்த வகை என்று அறிய கிளவ் பாக்ஸ் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். தொழிற்சாலையில் என்னென்ன கூடுதலாகப் போட்டார்கள் என்று பட்டியலிடும் காகிதம் ஒன்று அங்கே ஒட்டியிருப்பார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் பாதி வண்டிகளில் அது கிழிந்தோ மங்கியோ போயிருக்கும். அப்படியானால் ரப்பரையே பாருங்கள். வெளிமுகத்தில் சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடி, அதில் தூசியும் பழைய மெழுகும் அடைந்து கிடந்தால், எப்போதோ யாரோ பீடிங்கைக் கழற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். முகம் வழுவழுப்பாக இருந்தால் அது சாதா ரப்பர். சாதா வண்டியில் பீடிங் போடக் கூடாதா என்றால், தாராளமாகப் போடலாம். ரெண்டு வகை ரப்பரும் உட்காரும் தகர விளிம்பு ஒன்றுதான்.

பின் கண்ணாடியில் ஒரு வம்பு உண்டு. 1967-ல் சாதாரணமாக வந்தது சின்னப் பின் கண்ணாடி. பெரியது வேண்டுமென்றால் கூடுதல் காசு கொடுக்க வேண்டும். 1968-ல் சின்னக் கண்ணாடி கேபினை நிறுத்திவிட்டார்கள். ஆக உங்களுடையது 1967 வண்டியாக இருந்தால், பின்பக்க ரப்பரோ பீடிங்கோ வாங்குமுன் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். விற்பவர் "67 டு 72 எல்லாத்துக்கும் சேரும்" என்று சொன்னால், முன் கண்ணாடிக்கு மட்டும் அதை நம்பலாம். 1967-ஐயும் 1968-ஐயும் பிரித்தறிய இன்னொரு வழி, பக்கவாட்டில் ஃபெண்டரில் பதித்திருக்கும் சின்ன விளக்கு அல்லது பிரதிபலிப்பான். அது 1968-ல் வந்தது.

தேடும் வட்டத்தைப் பெரிதாக்கவும் வழி இருக்கிறது. அதே வருடங்களின் ஜிஎம்சி பிக்கப்புக்கும் இதே கேபின்தான். சபர்பன், 1969-ல் வந்த பிளேசர், அதன் ஜிஎம்சி இரட்டையான ஜிம்மி ஆகியவற்றின் முன் கண்ணாடியும் இதுவே. முன்பக்கப் பீடிங் தேடுகிறவர்கள் ஷெவி பிக்கப் என்று மட்டும் தேடினால் பாதிச் சரக்கைத் தவறவிடுவார்கள்.

புதுசா, பழசா

புது மறுதயாரிப்புப் பீடிங் தாராளமாகக் கிடைக்கிறது. கேன்சஸ் மாநிலத்து லெனெக்ஸாவில் இருக்கும் எல்எம்சி ட்ரக் போன்ற கடைகளின் கேட்டலாக்கில் இந்த வருட வண்டிகளுக்கு ரப்பர், பீடிங், மூலைத் துண்டு, இணைப்பு மூடி என்று தனித்தனியாகப் படம் போட்டு எண் கொடுத்திருப்பார்கள். வாங்காவிட்டாலும் அந்தப் பக்கங்களைப் பார்ப்பது நல்லது. எது எங்கே போகிறது என்பது புரிந்துவிடும்.

என் கட்சி: ரப்பரையும் பீடிங்கையும் ஒரே கடையில், ஒன்றுக்கொன்று சேரும் என்று அவர்களே சொல்லும் ஜோடியாக வாங்குங்கள். ஒரு கம்பெனியின் ரப்பரில் காடி கொஞ்சம் ஆழம் குறைவு, இன்னொருவருடைய பீடிங்கின் மடிப்பு கொஞ்சம் தடிமன் என்றால் போதும், மாட்டிய அன்று நிற்கும், பத்து நாள் வெயிலில் மூலையில் எழும்பி நிற்கும். யாரைக் குறை சொல்வது என்றும் தெரியாது. கண்ணாடியையும் புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் பழையதன் தடிமனோடு ஒப்பிடுங்கள். மெல்லிய கண்ணாடியை ரப்பர் இறுக்கிக் கவ்வாது.

பழைய அசல் பீடிங்குக்கு ஒரு மரியாதை உண்டு. வளைவுகள் அந்தக் கேபினுக்கென்றே வந்தவை, உலோகமும் பெரும்பாலும் கனமாக இருக்கும். பென்சில்வேனியாவில் கார்லைல், ஹெர்ஷி, கலிஃபோர்னியாவில் பொமோனா என்று பழைய வண்டிச் சாமான் சந்தைகள் கூடும் இடங்களில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கத்துப் பழைய வண்டி யார்டுகளையும் விடாதீர்கள். அங்கே வெயில் ரப்பரைப் பொடியாக்கியிருக்கும், ஆனால் உலோகத்தை உப்பு தின்றிருக்காது.

நேரில் வாங்கும்போது பீடிங்கை ஒரு சமதளத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் மூலை. நீளப்போக்கில் இருக்கும் ஆழமில்லாத நசுங்கலைத் தட்டி எடுத்துவிடலாம். மூலை வளைவில் மடிந்து கோடு விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். அந்தக் கோடு என்ன செய்தாலும் தெரியும். அடுத்து பின்பக்கத்தைத் திருப்பி உள்மடிப்பைப் பாருங்கள். யாராவது ஸ்குரூ டிரைவரால் நெம்பிக் கழற்றியிருந்தால் அந்த மடிப்பில் பற்கள் போல வரிசையாக வளைவு இருக்கும். அந்த மடிப்புதான் ரப்பரைப் பிடிக்கும் பகுதி. ஆன்லைனில் வாங்கினால் பின்பக்கப் படத்தைக் கேட்டு வாங்குங்கள், அனுப்பும்போது ஒரு மரச்சட்டத்தோடு சேர்த்துக் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். அட்டைக் குழாயில் தனியாக வரும் நீளமான பீடிங் வழியிலேயே வளைந்துவிடும்.

யார்டில் நீங்களே கழற்றுவதானால் பீடிங்கைத் தொடாதீர்கள். ரப்பரை வெட்டுங்கள். கூர்மையான கத்தியால் வெளி உதட்டை, அதாவது காடியின் ஓரத்தை, நீளமாகச் சீவி எடுத்தால் பீடிங் தானாகக் கையோடு வரும். ரப்பர் எப்படியும் குப்பைக்குத்தான். கண்ணாடியை விற்க நினைத்திருக்கும் யார்டுக்காரர் கோபப்படலாம், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

பாலிஷ் போடுமுன்

அந்தக் காலத்து வண்டிகளில் பளபளப்புச் சாமான் மூன்று வகை: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஆனோடைஸ் செய்த (மின்சார முறையில் மேலே கடினப் படலம் ஏற்றிய) அலுமினியம், வெள்ளிப்பூச்சுப் படலம் ஒட்டிய பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கைக் கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். மற்ற ரெண்டில்தான் குழப்பம். காந்தம் ஒட்டினால் அலுமினியம் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஒட்டவில்லை என்றால் எதுவும் சொல்ல முடியாது, ஸ்டெயின்லெஸ்ஸில் சில வகைகளில் காந்தம் ஒட்டாது. எடையையும் பாருங்கள், அலுமினியம் கையில் லேசாக இருக்கும்.

ஸ்டெயின்லெஸ் என்றால் கவலை இல்லை. நசுங்கலைப் பின்பக்கத்திலிருந்து சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி உயர்த்தி, மெல்லிய அரத்தால் மேட்டைக் கண்டுபிடித்து, 320 எண் உப்புத்தாளில் தொடங்கி 400, 600, 800, 1500 என்று ஏறிப் போய், கடைசியில் மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் பிடியுங்கள். ஒவ்வொரு எண்ணிலும் முந்தைய கோடுகள் மறையும்வரை தேய்க்காமல் அடுத்ததற்குத் தாவினால், பஃபிங் முடிந்த பிறகு அந்தக் கோடுகள் பளபளப்போடு தெரியும். பஃபிங் சக்கரத்தில் நீளப் பட்டையின் முனையைச் சக்கரம் சுழலும் திசைக்கு எதிராகக் காட்டக் கூடாது. ஒரு நொடியில் பிடுங்கி எறிந்துவிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போடாமல் அந்த வேலை வேண்டாம்.

அலுமினியத்தின் மேல் இருக்கும் ஆனோடைஸ் படலம் கடினமானது. அதன் மேலேயே பாலிஷ் போட்டால் ஒன்றும் நடக்காது. காஸ்டிக் சோடா கலந்த கரைசலில் படலத்தைக் கரைத்துவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். எரியக்கூடிய வாயு கிளம்பும் வேலை என்பதால் திறந்தவெளியில், முழங்கை வரை கையுறையோடு செய்யுங்கள். அதன் பிறகு அலுமினியம் வெறுமனே நிற்கும், மறுபடி ஆனோடைஸ் செய்யக் கொடுக்காவிட்டால் அடிக்கடி பாலிஷ் போட வேண்டியிருக்கும்.

பழையதைக் கழற்றினால் தெரியும் துரு

பழைய ரப்பரை வெளியிலிருந்து வெட்டி எடுத்து, உள்ளே உட்கார்ந்து கண்ணாடியின் மேல் மூலைகளில் உள்ளங்கையால் மெதுவாகத் தள்ளினால், வெளியே நிற்பவர் பிடித்துக்கொள்ளலாம். முன் கண்ணாடி ரெண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது. மூலையில் அழுத்தம் விழுந்தால் விரிசல் விடும், ஆனால் கொட்டாது. பின் கண்ணாடி சூடாக்கிக் கடினமாக்கியது. பளு தாங்கும், ஆனால் விளிம்பில் ஒரு அடி பட்டால் மொத்தமும் பொடிப்பொடியாகும்.

இந்த வருட சி10-களில் முன் கண்ணாடியின் கீழ் மூலைகளும் அதை ஒட்டிய கவுல் பகுதியும் (கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவே இருக்கும் தகரம்) துருவுக்குப் பேர் போனவை. ரப்பருக்கு அடியில் தண்ணீர் தேங்கி, தகர விளிம்பு சல்லடையாகி இருக்கும். அதைப் பட்டி போட்டு மறைத்துவிட்டு மேலே பளபளப்புச் சட்டம் மாட்டுவதில் அர்த்தமில்லை. பழைய பசையைச் சுரண்டுங்கள், கம்பித் தூரிகையால் தேய்த்து எடுங்கள், ஓட்டை இருந்தால் வெட்டிப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்யுங்கள், எபாக்ஸி ப்ரைமர், அப்புறம் பெயிண்ட். பெயிண்ட் நன்றாக இறுகும்வரை ரப்பரை மாட்டாதீர்கள். ஈரப்பெயிண்டில் ரப்பர் பிடித்துக்கொண்டால் பின்னால் கழற்றும்போது படலத்தோடு வரும். வெல்டிங் செய்த இடத்தில் விளிம்பு தடித்துப் போனால் ரப்பர் உட்காராது, கிரைண்டரால் பழைய தடிமனுக்குக் கொண்டுவாருங்கள்.

மாட்டும் நாள்

இரண்டு பேர் வேண்டும், அவசரம் இல்லாத ஒரு பகல் வேண்டும். குளிர்காலத்தில் மிச்சிகன் போன்ற இடத்தில் இருந்தால் கராஜைச் சூடாக்கிவிட்டு இறங்குங்கள். விறைத்த ரப்பர் எதற்கும் இசையாது. வெயில் இருந்தால் ரப்பரை ஒரு மணி நேரம் வெயிலில் விரித்துப் போட்டாலே போதும்.

தேவையான சாமான்: 5 அல்லது 6 மி.மீ. தடிமனில் வழுக்கும் நைலான் கயிறு, பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்த தண்ணீர் ஒரு தெளிப்பானில், முனை மழுங்கிய பிளாஸ்டிக் குச்சிகள், மாஸ்கிங் டேப், பழைய போர்வை விரித்த மேசை. கிரீஸ், எஞ்சின் ஆயில், பெட்ரோல் எதையும் வழுக்கலுக்குப் பயன்படுத்தக் கூடாது. ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

முதல் வேலை, கண்ணாடியில் ரப்பரை மாட்டுவது. மூலைகளில் தொடங்குங்கள். நாலு மூலையும் சரியாக உட்கார்ந்த பிறகு நேர்ப்பகுதிகளைக் காடிக்குள் தள்ளுங்கள். நேர்ப்பகுதியில் தொடங்கினால் மிச்சமாகும் ரப்பர் எல்லாம் ஒரு மூலையில் வந்து குவியும்.

அடுத்தது பீடிங். உலோகப் பீடிங்கைக் கண்ணாடி வண்டியில் ஏறும் முன்பே மேசையில் வைத்துப் போடுங்கள் என்பது என் கருத்து. இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு, பீடிங் போட்ட ரப்பர் மூலையில் விறைத்துவிடும், கயிறு இழுக்கச் சிரமம் என்பார்கள். உண்மைதான். ஆனால் ரப்பர் தகரத்தில் ஏறி இறுகிய பிறகு அந்த வெளிக் காடி வாயைத் திறக்காது. அப்போது நெம்பினால் வளைவது பீடிங், விரிசல் விடுவது கண்ணாடி.

காடிக்குள் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். பிளாஸ்டிக் குச்சியால் ரப்பரின் ஒரு உதட்டைத் தூக்கிப் பிடித்து, பீடிங்கின் மடிப்பை அதன் அடியில் நுழையுங்கள். சரியாக உள்ளே போனால் ரப்பர் உதடு உலோகத்தின் மேல் சுருண்டு வந்து படுக்கும். வெளியே நின்றால் உதட்டுக்கும் உலோகத்துக்கும் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு போல ஒரு நிழல் தெரியும். அந்த நிழல் மறையாமல் அடுத்த அங்குலத்துக்குப் போகாதீர்கள். ஒரு பக்க உதடு ஏறியதும் மறுபக்க உதடு. துண்டுகள் சேரும் இடத்தில் வரும் சின்ன மூடியை இரண்டாவது துண்டைப் போடுமுன்பே முதல் துண்டில் ஏற்றிவிடுங்கள். பிறகு ஏற்றலாம் என்று விட்டால் மொத்தத்தையும் கழற்ற வேண்டி வரும். எல்லாம் உட்கார்ந்ததும் மாஸ்கிங் டேப்பைக் குறுக்காகப் பல இடங்களில் கண்ணாடியோடு சேர்த்து ஒட்டுங்கள். கயிறு இழுக்கும் ஆட்டத்தில் பீடிங் எகிறாமல் அது காப்பாற்றும்.

இனி கயிறு. நம்மூரில் அம்பாசிடருக்கோ லாரிக்கோ கண்ணாடி மாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. தகரத்தைக் கவ்வ வேண்டிய காடிக்குள் கயிற்றைச் சுற்றிலும் அழுத்தி வையுங்கள். இரு முனைகளும் கீழ்நடுவில் ஒன்றையொன்று தாண்டி ஒரு அடி நீளம் நிற்கட்டும், அவற்றைக் கண்ணாடியின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டுங்கள். தகர விளிம்பிலும் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். இருவரும் கண்ணாடியைத் தூக்கி, கீழ்விளிம்பை முதலில் உட்காரவைத்து, இடமும் வலமும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி ஒருபக்கம் அரை அங்குலம் தள்ளி உட்கார்ந்தால் மறுபக்க மூலை கடைசிவரை ஏறாது.

உள்ளே இருப்பவர் கயிற்றின் ஒரு முனையைக் கண்ணாடியின் நடுவை நோக்கி, மெதுவாக, ஒரே சீராக இழுக்க வேண்டும். கயிறு வெளியே வரவர ரப்பரின் உள் உதடு தகரத்தைத் தாண்டி உள்ளே மடிந்து விழும். வெளியே இருப்பவர் கயிறு வரும் அதே இடத்தில் உள்ளங்கையால் தட்டி அழுத்திக்கொண்டே கூட வர வேண்டும். இருவரும் பேசிக்கொண்டே செய்யுங்கள்: "மூலைக்கு வந்துட்டேன், அழுத்து." இரு முனைகளையும் மாறி மாறி இழுத்து, கீழே முழுதும், பிறகு இரு பக்கங்களும், கடைசியாக மேலே. உதடு எங்காவது மடியாமல் கயிறு மட்டும் வந்துவிட்டால் பிளாஸ்டிக் குச்சியால் அந்த இடத்தை இழுத்துவிடலாம். இரும்பு ஸ்குரூ டிரைவரை எடுக்கிற ஆசை வரும். கண்ணாடியின் விளிம்பில் அது உரசினால் அன்றோ அடுத்த குளிரிலோ விரிசல் ஓடும்.

முதன்முறை செய்பவர் பின் கண்ணாடியில் தொடங்குவது நல்லது. அதன் வளைவு குறைவு, பழகிக்கொள்ள வசதி.

பிளாஸ்டிக் பட்டை என்றால்

இதில் முறை தலைகீழ். கண்ணாடியும் ரப்பரும் வண்டியில் ஏறிய பிறகுதான் பட்டை. அதற்கென்று முனையில் வளையம் வைத்த கொக்கிக் கருவி விற்கிறார்கள். வளையம் காடியை விரித்துக்கொண்டே போகும், பட்டை பின்னாலேயே உள்ளே விழும். பட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு போடாதீர்கள். இழுபட்ட பிளாஸ்டிக் சில வாரத்தில் சுருங்கி, முனைகளுக்கு நடுவே இடைவெளி காட்டும். தள்ளித் தள்ளிப் போடுங்கள், கடைசி முனையைப் பத்து மி.மீ. அதிகம் விட்டு வெட்டி, அதையும் நெருக்கி உள்ளே அழுத்துங்கள்.

கதவுக் கண்ணாடி

கதவில் கண்ணாடி இறங்கும் இடத்தில் வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று மெத்தென்ற பட்டைகள் உண்டு. அவை தேய்ந்தால் கண்ணாடி கடகடக்கும், கோடு விழும், கதவுக்குள் தண்ணீர் இறங்கும். மாற்ற, முதலில் ஜன்னல் கைப்பிடியைக் கழற்றுங்கள். கைப்பிடிக்குப் பின்னால் குதிரைலாட வடிவில் ஒரு கிளிப் இருக்கும், திருகைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். உள்பலகையை எடுத்துவிட்டு, கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, பழைய பட்டையைக் கழற்றிப் புதியதை அதோடு பக்கத்தில் வைத்து கிளிப் இடங்கள் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே மாட்டுங்கள். கண்ணாடி ஓடும் செங்குத்துச் சேனலையும் அதே கையோடு மாற்றுவது நல்லது, மறுபடி உள்பலகையைக் கழற்ற யாருக்குமே பொறுமை இருக்காது.

தண்ணீர் விட்டுப் பார்த்தல்

ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும். ஹோஸில் பீய்ச்சி அடிக்காமல், சாதாரணமாக வழியவிட்டு, கண்ணாடியின் கீழ்ப்பகுதியிலிருந்து தொடங்கி மெதுவாக மேலே போங்கள். மேலிருந்து விட்டால் எங்கே கசிகிறது என்று தெரியாது, எல்லாம் கீழே வந்துதான் சொட்டும்.

கசிவு கண்டால் இறுகாத வகைக் கண்ணாடி சீலண்ட்டை ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவே நுழைத்து, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். குளியலறைக்குப் போடும் சிலிகான் வேண்டவே வேண்டாம். புளித்த வாடை வரும் வகை காயும்போது விடும் அமிலம் தகரத்தில் துருவைக் கிளப்பும். பிறகு அந்த இடத்தில் பெயிண்ட்டும் பிடிக்காது. மாஸ்கிங் டேப்பை ரெண்டு நாள் விட்டு எடுங்கள். முதல் வாரம் கதவை அறைந்து சாத்தாமல் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கியே வையுங்கள். மூடிய கேபினுக்குள் கதவு அடிக்கும் காற்று, இன்னும் படியாத ரப்பரையும் அதன் மேல் இருக்கிற பீடிங்கையும்தான் வெளியே தள்ளும்.